சேவ் செய்யும் இடம் எங்கே இருக்க வேண்டும்?

தென்காசிச் சாரல் · இரவு 11:52

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். மகள் பிறந்து எட்டு மாதம் ஆகிறது. நலமாக இருக்கிறாள். போன வாரத்திலிருந்து தவழ ஆரம்பித்துவிட்டாள், அதனால் வீட்டில் தரையோடு இருந்த எல்லாப் பொருளும் மேசைமேல் ஏறிவிட்டன.

அவள் தூங்கினால்தான் எனக்கு விளையாட்டு. இன்று ஒன்பதரைக்கே கண் அசந்தாள். கிங்டம் கம்: டெலிவரன்ஸ் என்கிற வீடியோ விளையாட்டைத் திறந்து உட்கார்ந்தேன். 2018இல் வந்தது, செக் நாட்டுக்காரர்கள் செய்தது. 1403ஆம் ஆண்டு பொஹீமியாவில் நடக்கிற கதை. மந்திரமோ டிராகனோ கிடையாது. ஹென்றி என்கிற கொல்லன் மகன்தான் நாயகன். அவனுக்கு எழுதப் படிக்கக்கூடத் தெரியாது. ஒரு புத்தகத்தை எடுத்துத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் கலைந்து தெரியும். ஊழிட்ஸ் என்கிற ஊரில் ஓர் எழுத்தரிடம் காசு கொடுத்துப் படிக்கக் கற்ற பிறகுதான் வரிகள் மெல்ல மெல்லச் சொற்களாகும். அதை முதல்முறை பார்த்தபோது, எங்கள் ஆச்சி அறிவொளி வகுப்புக்குப் போய்விட்டு வந்து பேருந்துப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தது கண்முன் வந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய, அதாவது அதுவரை ஆடியதைப் பதிந்து வைக்க, முடியாது. வாடகை கொடுத்த கட்டிலில் தூங்கினால் சேவ் ஆகும். குவெஸ்ட் எனப்படும் கதைப் பணிகளில் சில கட்டங்களைத் தாண்டினால் தானாக ஆகும். மற்றபடி சேவியர் ஷ்னாப்ஸ் என்று ஒரு சாராயம் இருக்கிறது, அதைக் குடித்தால்தான் சேவ். ஆரம்பத்தில் அதை வாங்கக் கையில் காசு இருக்காது. ஒரே ஒரு குப்பி இருந்தது. அவசரத்துக்கு ஆகட்டும் என்று அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, குவெஸ்ட் எதையும் தொடாமல் காட்டில் மூலிகை பறித்துக்கொண்டு திரிந்தேன். ஒன்றரை மணிநேரம். பதினோரு மணிக்குக் காற்று தூக்கியடித்தது, எங்கேயோ மரம் விழுந்திருக்கும் போல, கரண்ட் போய்விட்டது. யு.பி.எஸ். பேட்டரி மாற்றவேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மாற்றவில்லை.

இருட்டில் உட்கார்ந்து அழுகையே வந்துவிட்டது. ஒன்றரை மணிநேரம் எனக்கு இப்போது எவ்வளவு பெரிது என்று இந்த விளையாட்டைச் செய்தவருக்குத் தெரியுமா? உங்கள் விளையாட்டுகள் எங்கே சேவ் செய்ய விடுகின்றன, அது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? கேட்க வேண்டும் போல இருந்தது.

நிலா22 · காலை 12:10

அக்கா! முதலில் வாழ்த்துகள். பாப்பாவுக்கு என் முத்தம்.

எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்ய விட வேண்டும். பால்டர்ஸ் கேட் 3இல் எஃப்5 தட்டினால் சேவ், எஃப்8 தட்டினால் மறுபடி பழைய இடம். செமஸ்டர் நேரத்தில் அரைமணிநேரம் கிடைத்தால் அரைமணிநேரம் விளையாடுவேன். அந்த விசை இல்லையென்றால் நான் அதை முடித்தே இருக்க மாட்டேன். ஹாஸ்டலில் நினைத்தபோது விளக்கு அணையும்.

மேகமலை · காலை 6:15

வாம்மா தென்காசி. தேனிப் பக்கமும் நேற்று அதே காற்றுதான். இங்கே வாழைத்தோப்பு பாதி சாய்ந்து கிடக்கிறது. பிள்ளை நலம் என்று கேட்க மகிழ்ச்சி.

உன் ஒன்றரை மணிநேரத்துக்காக வருந்துகிறேன். ஆனாலும் மறுபக்கத்தை நான் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் நான் இந்த வகை விளையாட்டுகளைக் காதலித்ததே அந்தப் பயத்தினால்தான்.

1981இல் ஆப்பிள் 2 கணினிக்கு விசார்ட்ரி வந்தது. கோடுகளால் வரைந்த சுரங்கம், ஆறு பேர் கொண்ட குழு. உள்ளே நடப்பதெல்லாம் உடனுக்குடன் டிஸ்கில் பதிந்துகொண்டே இருக்கும். செத்தால் பழைய சேவுக்கு ஓட முடியாது. ஆறு பேரும் சுரங்கத்துக்குள் விழுந்தால் உடல்கள் அங்கேயே கிடக்கும். ஊரில் புதிதாக இன்னொரு குழுவைச் சேர்த்து, அவர்களைப் பழக்கி, அதே இடத்துக்கு இறங்கிப்போய் முதல் குழுவைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். கோயிலில் காசு கட்டி உயிர்ப்பிக்கலாம். அது பலிக்காவிட்டால் உடல் சாம்பலாகிவிடும். சாம்பலையும் உயிர்ப்பிக்க முயலலாம். அதுவும் தவறினால் அந்த ஆள் ஒரேயடியாகப் போய்விட்டான்.

நான் இதை விளையாடியது மிகவும் பிந்தித்தான். என் முதல் குழு நாலாவது தளத்தில் விழுந்தது. இரண்டாவது குழுவைத் தயார் செய்ய மூன்று வாரம் ஆயிற்று. ஒரு மாலை, வரைபடத்தாளில் பென்சிலால் குறித்து வைத்திருந்த கட்டத்தை எண்ணி எண்ணி நடந்து, அவர்கள் கிடந்த இடத்தை எட்டியபோது என் கை நடுங்கியது. முப்பது வருடமாக விளையாடுகிறேன், அந்த மாதிரி ஒரு நிமிடம் இன்னொன்று வாய்க்கவில்லை. எஃப்8 இருந்திருந்தால் அந்த மூன்று வாரமும் இல்லை, அந்த நிமிடமும் இல்லை.

கடைசித்தம்பி · காலை 8:40

ஐயா எழுதியதை டீக்கடையில் நின்றே படித்துவிட்டேன், டீ ஆறிப்போயிற்று.

எங்கள் வீட்டில் பிரச்சினை வேறு மாதிரி. சேவ்களை வைக்கும் பழைய பிளேஸ்டேஷன் மெமரி கார்டு மொத்தமே 128 கிலோபைட். அதைப் பதினாறு துண்டாக வெட்டி, ஒன்றை அட்டவணைக்கு எடுத்துக்கொண்டது போகப் பதினைந்து கட்டம் மீதி. ஃபைனல் ஃபேன்டசி 7க்கு ஒரு சேவுக்கு ஒரு கட்டம். நாங்கள் மூன்று பேர், ஒரே கார்டு. பெரியண்ணன் எட்டை எடுத்துக்கொண்டான், சின்னண்ணனுக்கு ஐந்து, எனக்கு இரண்டு. கார்டின் பின்னால் காகிதம் ஒட்டி யார் யாருக்கு எந்தக் கட்டம் என்று எழுதியிருந்தது. 

ஒருநாள் இருட்டில் டி.வி. வெளிச்சத்தில் அவசரமாக ஒரு கட்டத்தை அழுத்திவிட்டேன். பெரியண்ணனுடைய மூன்றாவது டிஸ்க் சேவ் மேல் என்னுடைய சேவ், கதைத் தொடக்கத்தில் வரும் மிட்கார் நகரம், வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் என்னை அடிக்கவில்லை. ஒன்றும் பேசாமல் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டான். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. அவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். போன தீபாவளிக்கு வந்தபோதுகூட அதை எடுத்துச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “விடுடா, அதில் ஒரு சேவ் ஏழாவது கட்டத்திலும் இருந்தது, உன்னிடம் சொல்லவில்லை” என்றான். இருபது வருடம் கழித்து!

ஒசாகா தமிழன் · காலை 9:05

இங்கே ட்சுயு மழைக்காலம். காய்கிற துணி எதுவும் காய்வதில்லை. ஞாயிறு முழுக்க வீட்டிலேயே இருப்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேவ் என்பதே இல்லாத காலத்தில் ஜப்பானியப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. 1986 மே மாதம் டிராகன் குவெஸ்ட் வந்தது. யூஜி ஹோரியின் எழுத்து, அகிரா தொரியாமாவின் ஓவியம், கோயிச்சி சுகியாமாவின் இசை. கேசட்டுக்குள் எதையும் எழுதி வைக்க வசதி கிடையாது. அதனால் அரசரிடம் போனால் அவர் உயிர்ப்பிக்கும் மந்திரம் என்று இருபது ஹிராகனா எழுத்துகளைச் சொல்வார். அதைத் தாளில் எழுதிக்கொண்டு டி.வி.யை அணைக்க வேண்டும். மறுநாள் அதே இருபது எழுத்தையும் உள்ளிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இதன் கணக்கு அழகானது. மொத்தம் 64 எழுத்துகளைப் பயன்படுத்தினார்கள். ஓர் எழுத்துக்கு ஆறு பிட். இருபது எழுத்துக்கு 120 பிட், அதாவது வெறும் பதினைந்து பைட். நாயகனின் பெயர், அனுபவப் புள்ளி, தங்கம், வாள், கவசம், கையில் உள்ள சாவி, மூலிகை எல்லாம் அந்தப் பதினைந்து பைட்டுக்குள். எங்கே நிற்கிறாய் என்பதைச் சேர்க்கத் தேவையில்லை, எப்போதும் அரசர் முன்னால்தான் கண்விழிப்பாய். நாயகனின் நிலை (லெவல்) எத்தனை என்பதையும் எழுத வேண்டாம், அனுபவப் புள்ளியிலிருந்து அதைக் கணக்கிட்டுவிடலாம். தப்பாக எழுதினால் கண்டுபிடிக்கச் சரிபார்க்கும் எண் ஒன்றும் உள்ளேயே இருந்தது.

தப்பாகத்தான் எழுதுவார்கள். ஹிராகனாவில் ‘நு’வும் ‘மே’யும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், கடைசிச் சுழி மட்டும் வேறு. ‘நே’, ‘ரே’, ‘வா’ மூன்றும் அக்கா தங்கைகள். பழைய டி.வி. திரையின் மங்கலில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமல், ரகரமும் காலும் ஒன்றாகவே இருந்ததால் பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டைப் படித்திருப்பீர்கள். அதே பாட்டை ஒன்பது வயதுப் பிள்ளைகள் பட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் மூன்று நாயகர்கள் ஆனதால் மந்திரம் 52 எழுத்து வரை நீண்டுவிட்டது! என்னுடன் வேலை பார்க்கும் ஒருவர், அம்மா எதிரில் உட்கார்ந்து ஓர் எழுத்து ஓர் எழுத்தாக ஒப்புப் பார்ப்பார் என்று சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அம்மா திரையில் விரல் வைத்துப் பார்ப்பாராம். அம்மாவுக்கு விளையாட்டில் ஆர்வமே கிடையாது, பையன் மறுநாள் காலையில் அழக்கூடாது என்பதற்காக.

மேகமலை · காலை 9:30

தம்பி, அருமை. அந்தக் குறிப்பேடுகளில் ஒன்றையாவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?

ஒசாகா தமிழன் · காலை 9:41

பழைய கேசட்டோடு சில கடைகளில் கிடைக்கும் ஐயா. ஒன்று என்னிடம் இருக்கிறது. பென்சில் எழுத்து, ஒரு வரியை அடித்துவிட்டு மேலே மறுபடி எழுதியிருக்கிறது. மூன்றாம் பாகத்தைப் பற்றி ஒரு கதை இருக்கிறது, சாயங்காலம் எழுதுகிறேன். இப்போது சாம்பாருக்குப் பருப்பு வேகிறது.

கரிசல்காடு · காலை 10:02

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். அக்கா மகனுக்குப் பத்து வயது. இந்த மாதிரிக் கதை விளையாட்டு ஒன்று வாங்கித் தரலாம் என்று பார்க்கிறேன். தமிழும் ஆங்கிலமும் நன்றாக வாசிப்பான். எதில் தொடங்கலாம்?

நிலா22 · காலை 10:15

போக்கிமான் அண்ணா, யோசிக்கவே வேண்டாம். ஆனால் ஒரு விஷயம், அதில் ஓர் ஆளுக்கு ஒரே ஒரு சேவ்தான். வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் தனித்தனிக் கணக்கு வைத்துவிடுங்கள். கடைசித்தம்பி அண்ணா கதையைப் படித்தீர்கள் அல்லவா.

கடைசித்தம்பி · காலை 10:17

வழிமொழிகிறேன். தனித்தனிக் கணக்கு. முதல் நாளே.

நிலா22 · பிற்பகல் 2:20

மேகமலை ஐயா எழுதியதைக் காலை முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். காலையில் சொன்னதைக் கொஞ்சம் திருத்த வேண்டும்.

பால்டர்ஸ் கேட் 3 தொடக்கத்தில் ட்ரூயிட்கள் என்கிற இயற்கைப் பூசாரிகள் வாழும் ஒரு தோப்பு வரும். அகதிகளாக வந்த, கொம்புள்ள டீஃப்லிங் இனத்துக் குடும்பங்கள் அங்கே ஒண்டியிருக்கின்றன. அரபெல்லா என்கிற சிறுமி புனிதச் சிலை ஒன்றைத் திருடிவிட்டாள் என்று காகா என்பவள் அவளைப் பிடித்து, பாம்பை ஏவி நிறுத்தி வைத்திருப்பாள். நாம் பேசி விடுவிக்க வேண்டும். இருபது முகப் பகடை உருளும். தேவையான எண் விழாவிட்டால் சிறுமி பயந்து ஓடப் பார்ப்பாள், பாம்பு கொத்திவிடும்.

முதல் தடவை எனக்குப் பகடை ஏமாற்றியது. உடனே எஃப்8. மறுபடியும் ஏமாற்றியது, எஃப்8. ஐந்தாம் முறை விழுந்தது. சிறுமி ஓடிப்போனாள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, அடுத்த இடத்துக்கு நடந்துவிட்டேன். 

போன விடுமுறையில் ஹானர் மோட் எடுத்தேன். 2023 நவம்பரில் சேர்த்தார்கள், அதில் ஒரே சேவ், பின்னால் போக முடியாது. அதே தோப்பு, அதே காகா. பகடையில் 4 விழுந்தது. சேர்ந்திருந்த இன்ஸ்பிரேஷனைச் செலவழித்து மறுபடி உருட்டினேன், 6. அரபெல்லா தரையில் கிடந்தாள். வெளியே அவளுடைய அம்மா கோமிராவும் அப்பா லாக்கும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களிடம் போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடலாம். நான் போனேன். அந்த உரையாடலை முந்தைய ஆட்டத்தில் நான் பார்த்ததே இல்லை, எழுதி நடித்து வைத்திருக்கிறார்கள், ஐந்து முறை எஃப்8 தட்டியவர்களுக்கு அது இல்லை. அன்றைக்கு அதற்குமேல் விளையாடவில்லை.

அதனால் ஐயா சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் ஹாஸ்டல் விளக்கு அணைவதும் உண்மை. ஹானர் மோடில்கூட எந்த நிமிடமும் வெளியேறலாம், விட்ட இடத்திலேயே காத்திருக்கும். எனக்கு அது இல்லாவிட்டால் எதுவும் இல்லை.

மேகமலை · பிற்பகல் 3:05

நிலா, நீ சொன்னதில்தான் முடிச்சு இருக்கிறது. பின்னால் போவதற்கான சேவ் ஒன்று, எழுந்து போவதற்கான சேவ் ஒன்று. நான் காலையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன். 1990இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 3இன் கடைசிப் பகுதியை எடுத்துக்கொள். பளிங்குக் கோபுரத்துக்குள் நுழைந்தால் அங்கிருந்து இருள் உலகம், அங்கே நாலு பெரும் எதிரிகள், பிறகு கடைசி எதிரி. நடுவில் ஓரிடத்திலும் சேவ் இல்லை. மணிக்கணக்கில் ஒரே மூச்சில் போக வேண்டும். தோற்றால் கோபுரத்துக்கு வெளியே. அந்த நாளில் அதைப் பொறுமையின் பரீட்சை என்று கொண்டாடினேன். எனக்கு அப்போது இருபது சொச்சம் வயது, சமைத்துப் போட அம்மா இருந்தார். தென்காசி மாதிரி கைக்குழந்தையோடு இருக்கிற ஒருத்திக்கு அந்தக் கோபுரம் கதவையே திறக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

தென்காசி, உன் விளையாட்டுக்கு வெளியான கொஞ்ச நாளிலேயே, 1.2 பதிப்பில், சேவ் செய்து வெளியேறும் வசதியைச் சேர்த்தார்கள். மெனுவில் பார். அது ஷ்னாப்ஸ் கேட்காது. திரும்பி வந்தால் அதே இடம்.

தென்காசிச் சாரல் · பிற்பகல் 3:40

தெரியும் ஐயா, பாப்பா சிணுங்கினால் அதைத்தான் அழுத்துகிறேன். கரண்டுக்கு அது தெரியாதே. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

ஆனால் நிலா எழுதியதைப் படித்ததும் நேற்றிருந்த கோபம் பாதி குறைந்துவிட்டது. காட்டில் சுற்றும்போது ஒவ்வொரு புதர் சலசலப்புக்கும் நான் நின்று நின்று கேட்டேன். இரண்டு கொள்ளைக்காரர்கள் தீ மூட்டி உட்கார்ந்திருந்தார்கள். சேவ் இருந்திருந்தால் வாளை உருவிக்கொண்டு போயிருப்பேன். இல்லாததால் குனிந்து, பின்னால் போய், ஓடை வழியாகச் சுற்றி வந்தேன். கொல்லன் மகன் அப்படித்தான் போயிருப்பான்.

பாலைக்காற்று · மாலை 5:30

நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மதர் 2 என்று ஒரு விளையாட்டு, அமெரிக்காவில் எர்த்பவுண்ட் என்ற பெயரில் வந்தது. ஜப்பானில் 1994, ஷிகேசாத்தோ இத்தோய் எழுதியது. வாளேந்திய வீரன் கதை கிடையாது. நெஸ் என்கிற சிறுவன் தொப்பி போட்டுக்கொண்டு பேஸ்பால் மட்டையோடு ஒனெட் ஊரிலிருந்து கிளம்புகிறான். அதில் சேவ் செய்ய வேண்டுமானால் தொலைபேசியைத் தேடிப் போய் அப்பாவைக் கூப்பிட வேண்டும். அப்பா பேசுவார். இதுவரை நடந்ததைப் பதிந்துகொள்ளட்டுமா என்பார். உன் கணக்கில் இவ்வளவு பணம் போட்டிருக்கிறேன் என்பார். ஏ.டி.எம்.மில் போய் எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் முழுக்க அப்பா குரல் மட்டும்தான். முகத்தைப் பார்க்கவே முடியாது. ரொம்ப நேரம் தொடர்ந்து விளையாடினால் அவரே கூப்பிட்டு, களைப்பாக இல்லையா, கொஞ்சம் ஓய்வெடு என்பார்.

என் அப்பா பதினாறு வருடம் குவைத்தில் இருந்தார். எனக்கு நினைவு தெரிந்து பத்து வயது வரை அவர் எனக்கு வெள்ளிக்கிழமைக் குரல். எஸ்.டி.டி. பூத்தில் அம்மா, நான், தங்கை மூவரும் கண்ணாடிக் கதவுக்குள் நெருக்கி நிற்போம். சாப்பிட்டியா, மார்க் எவ்வளவு, அம்மாவைத் தொந்தரவு பண்ணாதே. பிறகு டிராஃப்ட் அனுப்பியிருக்கிறேன், பத்து நாளில் வரும். மூன்று நிமிடம். வாரத்தில் நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்ன பிறகுதான் அது நடந்து முடிந்தது போல இருக்கும்.

இந்த விளையாட்டை நான் கல்லூரி முடிந்த பிறகு எடுத்தேன். முதல் தொலைபேசியில் அந்தக் குரல் வந்து, பணம் போட்டிருக்கிறேன் என்று சொன்னதும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். 

இன்னொன்றும் உண்டு. நெஸ்ஸுக்கு வீட்டு நினைப்பு வந்துவிடும். விஷம் ஏறுவது போல அதுவும் ஒரு நிலை. சண்டையின் நடுவே அம்மா சமையலை நினைத்துக்கொண்டு ஒரு முறை சும்மா நின்றுவிடுவான். மருந்து கிடையாது. அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினால் சரியாகும். இதை யோசித்து ஒரு விளையாட்டுக்குள் வைத்த மனிதருக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன்.

அப்பா இப்போது ஊரில்தான் இருக்கிறார். முட்டி வலி. மற்றபடி நலம்.

தென்காசிச் சாரல் · மாலை 5:58

என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் அண்ணா.

கடைசித்தம்பி · மாலை 6:10

முட்டிக்குப் பிரண்டைத் துவையல் கொடுத்துப் பாருங்கள், எங்கள் அம்மாவுக்குப் பரவாயில்லை. இன்றைக்கே மதர் 2 தேடப் போகிறேன்.

ஒசாகா தமிழன் · இரவு 7:25

சாயங்காலம் எழுதுகிறேன் என்று சொன்னது.

டிராகன் குவெஸ்ட் 3, 1988 பிப்ரவரி 10. கடை வாசலில் வரிசை கட்டி நின்று வாங்கியது. அந்தத் தொடரில் மந்திரம் ஒழிந்து கேசட்டுக்குள்ளேயே சேவ் வந்தது இதில்தான். சாகசப் புத்தகம் என்று பெயர், மொத்தம் மூன்று. உள்ளே சிறிய நினைவகச் சில்லு ஒன்று, அது மறக்காமல் இருக்க நாணயம் அளவு பேட்டரி ஒன்று. டி.வி. அணைந்திருக்கும்போதும் அந்தப் பேட்டரி சொட்டுச் சொட்டாக மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் பவரை அணைக்க வேண்டும். மின்சாரம் இறங்கும் அந்த நொடியில் கருவி தடுமாறி நினைவகத்தில் எதையாவது கிறுக்கிவிடக்கூடும் என்பதால்.

நிப்பொன்பாஷி பக்கம் ஒரு பழைய கடையில் இதை வாங்கினேன். பின்னால் மார்க்கர் பேனாவால் ஹிராகனாவில் ஒரு பையனின் பெயர். வீட்டுக்கு வந்து போட்டால், பேட்டரி உயிரோடு இருந்தது. முதல் புத்தகத்தில் அதே பெயர், நிலை 38. திறந்து பார்த்தேன். கீழுலகத்தில் ராடடோம் அரசர் முன்னால் குழு நின்றது. நாயகன், போர்வீரன், பூசாரி, மந்திரவாதி. இந்தப் பாகத்தில் கூட்டாளிகளுக்கு நாமே பெயர் வைக்கலாம், நாலு எழுத்துக்குள். மூன்றும் பள்ளித் தோழர்களின் செல்லப்பெயர் மாதிரி இருந்தன. கடைசி எதிரிக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறான். முடித்தானா, பரீட்சை வந்ததா, கருவி பழுதானதா, தெரிந்துகொள்ள வழியில்லை.

நான் மூன்றாவது புத்தகத்தில் ஆடத் தொடங்கினேன். ஒவ்வொரு முறை போடும்போதும் முதல் வரியில் அந்தப் பெயரைப் பார்ப்பேன். அவன் எனக்கு இரண்டு படி முன்னால் போய்க்கொண்டிருப்பது போல ஓர் உணர்வு. இரண்டு வருடம் அப்படிப் போயிற்று.

போன பிப்ரவரியில் ஒரு காலை, கேசட்டைச் செருகிப் பவரைப் போட்டேன். சபிக்கப்பட்ட ஆயுதத்தை மாட்டிக்கொண்டால் இதில் ஒரு இசை வரும், நெஞ்சை ஒரு பிடி பிடிக்கும். அந்த இசை வந்தது. கறுப்புத் திரை. வருந்துகிறோம், முதலாம் சாகசப் புத்தகம் அழிந்துவிட்டது என்று ஒரு வாக்கியம். பொத்தானை அழுத்தினேன். மூன்றாவதுக்கும் அதே இசை, அதே வாக்கியம். என்னுடையது போனதைப் பற்றி நான் கவலையே படவில்லை. பேட்டரியை முன்பே மாற்றியிருந்தால், மாற்றும்போதும் மின்சாரம் அறுபடாமல் பார்த்துக்கொண்டிருந்தால், அவனைக் காப்பாற்றியிருக்கலாம். முப்பது வருடத்துக்கும் மேல் தாங்கியது என் கையில் போயிற்று.

பிறகு கழற்றிப் புதிய பேட்டரி பற்றவைத்தேன். முதல் புத்தகத்தில் அவன் பெயரையே போட்டு, அதே மூன்று தோழர்களையும் அதே தொழிலில் சேர்த்து, ஆரம்பத்திலிருந்து விளையாடிக்கொண்டிருக்கிறேன். இப்போது நிலை 29.

நிலா22 · இரவு 7:40

அண்ணா, 38 வந்ததும் நிறுத்தாமல் முடித்துவிடுங்கள். அவனுக்காக.

மின்மினி · இரவு 9:12

எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நியர்: ஆட்டோமாட்டாவை இன்னும் முடிக்காதவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள், முடிவைச் சொல்லப் போகிறேன்.

2017இல் வந்தது, இயக்கியவர் யோக்கோ தாரோ. ஐந்தாவது முடிவில் விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்ப்பட்டியல் ஓடும். அந்தப் பெயர்களே நம்மை நோக்கிச் சுடும். நாம் ஒரு சின்ன முக்கோணம். தனியாகத் தாண்டுவது மிகவும் கடினம். செத்துச் செத்து எழும்போது, இதோடு விட்டுவிடுகிறாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் உதவி வேண்டுமா என்று கேட்கும். சரி என்றால், எங்கோ இருக்கிற முகம் தெரியாத ஆட்டக்காரர்கள் நம்மைச் சுற்றி வளையமாக வந்து நிற்பார்கள். நமக்கு விழவேண்டிய அடியை அவர்கள் வாங்குவார்கள். ஒவ்வொரு அடிக்கும் இன்னாருடைய தரவு அழிந்தது என்று திரையில் ஒரு வரி வரும்.

தாண்டிய பிறகு கேள்வி நமக்கு. நீயும் யாரோ ஒருவருக்கு இப்படி உதவுகிறாயா, ஆனால் உன் சேவ் முழுவதும் போய்விடும். திரும்பத் திரும்ப எச்சரித்துக் கேட்கும். என் வேலை போய் வீட்டில் இருந்த மாதங்களில் விளையாடியது அது. அறுபது மணிநேரத்துக்கு மேல். காலையில் எழுந்து உட்கார அந்தக் காலத்தில் எனக்கு இருந்த ஒரே காரணம். ஆம் என்றேன். மெனு திறந்து, ஆயுதம், வரைபடம், சேகரித்த குறிப்புகள் என ஒவ்வொன்றாக என் கண் எதிரிலேயே அழித்தது. கடைசியில் சேவ் கட்டங்களும் போயின.

யாரோ ஒருவருடைய வளையத்தில் என் பெயரும் ஒருமுறை நின்றிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்த வாரம் நேர்காணலுக்குப் போனேன். அந்த வேலையில்தான் இப்போதும் இருக்கிறேன்.

மேகமலை · இரவு 9:50

நியர் நான் விளையாடியதில்லை. முடிவு தெரிந்த பிறகும் விளையாடப் போகிறேன். அந்த வளையத்தைப் பார்க்க வேண்டும்.

தென்காசிச் சாரல் · இரவு 11:20

இன்று கடையில் போய் யு.பி.எஸ். பேட்டரி வாங்கி மாட்டியாயிற்று. அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார், நல்ல கனம்.

பாப்பா பத்து மணிக்குத் தூங்கினாள். நேற்று தொலைத்த காட்டுக்கே போனேன். ஷ்னாப்ஸ் காய்ச்ச ஒயின், காஞ்சொறி இலை, பெல்லடோனா வேண்டும். காஞ்சொறி வேலியோரம் எங்கும் கிடக்கிறது, பெல்லடோனாவைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கம், அந்த இரண்டு கொள்ளைக்காரர்கள் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு செடி நின்றது. பறித்துவிட்டு, அங்கேயே நின்று கையிலிருந்த அந்த ஒற்றைக் குப்பியைக் குடிக்கக் கொடுத்தேன். ஹென்றிக்குக் கொஞ்சம் தள்ளாடுகிறது. சேவ் ஆகிவிட்டது.

உள்ளே சிணுங்கல் கேட்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஒசாகா அண்ணா, நிலை 30 ஆனதும் இங்கே சொல்லுங்கள்.